டெலிகிராம் பாட்: போன்லயே எழுதி விதைக்கடைக்கு ஓட்டிப் பாத்ததுல என் ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கையில லேப்டாப் இல்ல, சுமாரான ஒரு ஆண்ட்ராய்டு போன் மட்டும் இருக்கு, பைத்தான்ல இஃப் எல்ஸ், ஃபார் லூப், டிக்ஷனரி வரைக்கும் தெரியும், ஒரு சாட்பாட், அதாவது மெசேஜ் அனுப்பினா தானாப் பதில் சொல்ற ப்ரோக்ராம், செஞ்சு பாக்கணும்னு ஆசையும் இருக்குன்னா முதல்ல தொட வேண்டியது டெலிகிராம் பாட் தான். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். அந்த ஒரு ஸ்டார் குறையறது தமிழ் விஷயத்துல, அத கீழ விலாவாரியா எழுதிருக்கேன், ஏன்னா நான் பாத்த யூடியூப் வீடியோ எதுலயும் யாரும் அதப் பத்திப் பேசவே இல்ல, எல்லாரும் ஹலோன்னா ஹாய்னு சொல்ற பாட்டோட நிறுத்திக்கறாங்க.

நான் வலங்கைமான் பக்கம், காலேஜ் ரெண்டாம் வருஷம். மாமா நீடாமங்கலம் ரோட்டுல விதைக்கடை வச்சிருக்காங்க. வைகாசி கடைசில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் கடை போன் அடிச்சுக்கிட்டே இருக்கும், கேக்கறது எல்லாம் அதே நாலஞ்சு கேள்வி தான். மேட்டூர் அணைல இன்னிக்கி எத்தன அடி, ஆடுதுறை 43 எத்தன நாள் பயிரு, அஞ்சு மாவுக்கு எவ்ளோ விதை ஆகும், சிஆர் 1009 வந்துருச்சா. (ஆடுதுறை 43, சிஆர் 1009 ரெண்டும் நெல் ரகம், மாங்கறது நம்ம பக்க நில அளவு.) மாமாவும் சலிக்காம எல்லாருக்கும் பதில் சொல்லுவாங்க, ஆனா மூட்டை இறக்கற நேரத்துல போன் எடுக்க முடியாது. இதுக்கு ஒரு பாட் போட்டா என்னன்னு தான் ஆரம்பிச்சேன். அதனால இந்த ரிவ்யூ முழுக்க அந்தக் கடை வேலைய வச்சே இருக்கும், உங்களுக்கு வேற தேவை இருந்தா அதுக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கோங்க.

முதல்ல காசு. பாட் தொடங்க ஒரு பைசா கிடையாது, கார்டு நம்பர் கேக்கறது இல்ல, கம்பெனி பேரு ஜிஎஸ்டி எதுவும் வேண்டாம். டெலிகிராம் 2015ல பாட் வசதிய எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, அப்பவே இருந்து பாட்ஃபாதர்னு ஒரு பாட் தான் புது பாட்டுக்கெல்லாம் வாசல். அதுக்கிட்டப் போய் நியூபாட் கமாண்ட் குடுத்தா பேரு கேக்கும், யூசர்நேம் கேக்கும், ஒரு நீளமான டோக்கன் குடுக்கும், அவ்ளோதான் வேலை முடிஞ்சுது. பேரு தமிழ்ல வச்சுக்கலாம், யூசர்நேம் மட்டும் இங்கிலீஷ் எழுத்துல, கடைசில பாட்னு முடியணும். டோக்கன் தான் சாவி, அத யாரு வச்சிருக்காங்களோ அவங்க உங்க பாட் மாதிரி பேசலாம், அதனால கோட கிட்ஹப்ல (கோட எல்லாரும் பாக்கற மாதிரி போட்டு வைக்கற வெப்சைட்) போடறப்ப டோக்கன தனி ஃபைல்ல வச்சுட்டுப் போடுங்க. வெளிய போயிடுச்சுன்னு சந்தேகம் வந்தா பாட்ஃபாதர் கிட்டயே ரிவோக் குடுத்தா பழைய சாவி செல்லாமப் போயிடும், புதுசு கிடைக்கும்.

கோட் எழுத டெர்மக்ஸ், ஆண்ட்ராய்டு போன்லயே கமாண்ட் அடிச்சு பைத்தான் ஓட்ட விடற ஒரு ஆப். அதத் தயாரிக்கறவங்களே எஃப்-டிராய்ட்ங்கற இலவச ஆப் கடைல இருந்தோ கிட்ஹப்ல இருந்தோ எடுக்கச் சொல்றாங்க, அப்படியே எடுங்க. உள்ள பைத்தான் இன்ஸ்டால் பண்ணிட்டு ரிக்வெஸ்ட்ஸ்னு, நெட்டுல கேட்டுப் பதில் வாங்கற ஒரே ஒரு லைப்ரரி போட்டாப் போதும். இங்க ஒண்ணு அழுத்திச் சொல்றேன், எடுத்த எடுப்புல பெரிய பாட் லைப்ரரி பக்கம் போகாதீங்க. பைத்தான்-டெலிகிராம்-பாட்னு நல்ல லைப்ரரி ஒண்ணு இருக்கு, ஆனா 20வது வெர்ஷன்ல அது முழுசா அசிங்க் முறைக்கு (ஒரு வேலை முடியறதுக்குக் காத்திருக்கறப்பவே இன்னொண்ணப் பாக்கற மாதிரி எழுதற முறை) மாறிடுச்சு, நெட்டுல கிடைக்கற பாதி பாடம் பழைய 13வது வெர்ஷனுக்கு எழுதினது, அத அப்படியே காப்பி பண்ணா எரர் தான் வரும், கத்துக்கற பையன் தன் மேல தான் தப்புன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிடுவான். வெறும் ரிக்வெஸ்ட்ஸ் வச்சு டெலிகிராம் குடுக்கற ரெண்டே ரெண்டு மெத்தட் கூப்பிட்டாப் போதும். கெட்அப்டேட்ஸ், அது புது மெசேஜ் ஏதாவது வந்திருக்கான்னு கேக்கும். செண்ட்மெசேஜ், அது பதில அனுப்பும். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு அப்டேட் நம்பர் இருக்கும், அடுத்த தடவ கேக்கறப்ப அந்த நம்பரோட ஒண்ணு கூட்டி ஆஃப்செட்னு குடுக்கணும், குடுக்கலன்னா அதே மெசேஜ் திரும்பத் திரும்ப வரும், பாட்டும் அதே பதில விடாம அனுப்பிக்கிட்டே இருக்கும். டைம்அவுட் ஒரு முப்பது செகண்டு போட்டுட்டா மெசேஜ் வர்ற வரைக்கும் லைன்ல காத்திருக்கும், சும்மா சும்மா போய்க் கேக்காது, டேட்டாவும் ரொம்ப ஆகாது. இவ்ளோ தான் ஒரு சாட்பாட்டோட எலும்புக்கூடு. இத ஒரு தடவ கையால எழுதினவங்களுக்கு அப்புறம் எந்த லைப்ரரி வந்தாலும் உள்ள என்ன நடக்குதுன்னு புரியும்.

இப்ப பாட்டுக்கு மூளை. இப்பல்லாம் சாட்பாட்னாலே ஏஐன்னு தான் எல்லாரும் நெனைக்கறாங்க, ஆனா 1966லயே அமெரிக்கால இருக்கற எம்ஐடில ஜோசப் வைசன்பாம் எலிசான்னு ஒரு ப்ரோக்ராம் பத்தி எழுதி வெளியிட்டாரு, அதுல இருந்தது எல்லாம் குறிச்சொல் தேடறதும் வார்த்தைய மாத்திப் போட்டுத் திருப்பிக் கேக்கறதும் தான். வாக்கியத்துல எந்தச் சொல்லு முக்கியம்னு ஒரு வரிசை வச்சிருப்பாரு, வரிசையில மேல இருக்கற சொல்லுக்கான விதி முதல்ல ஓடும், எதுவுமே சிக்கலன்னா பொதுவா ஒரு பதில் சொல்லும். அதே வித்தை தான் விதைக்கடைக்கும் தேவை. மேட்டூர்னு ஒரு சொல்லு வந்தா நீர்மட்டம், நெல்லு பேரு வந்தா அந்த ரகத்தோட விவரம், மான்னு ஒரு அளவு வந்தா விதைக் கணக்கு. டிக்ஷனரியும் நாலு இஃப்பும் தெரிஞ்ச யாரும் ஒரு சாயங்காலத்துல எழுதிடலாம்.

எழுதிடலாம், இங்கிலீஷ்னா. தமிழ்ல தான் இருக்கு வேலை.

வாக்கியத்த சொல்லு சொல்லாப் பிரிக்கணும்னா பைத்தான் பாடம் எல்லாத்துலயும் ரீஜெக்ஸ் (எழுத்து எந்த மாதிரி வரணும்னு குறி போட்டுத் தேடற முறை) வச்சு, வேர்ட் எழுத்துன்னு ஒரு குறி போட்டுப் பிரிக்கச் சொல்லுவாங்க. பைத்தானோட சாதா ரீஜெக்ஸுக்கு புள்ளியும் கொம்பும் காலும் எழுத்தாவே தெரியாது. அதுக்கிட்ட நெல்னு குடுத்தா ந தனியா ல தனியா ரெண்டு துண்டாக் கையில குடுக்கும். கோட்ல எந்த எரரும் வராது, அதான் ஆபத்து, சத்தமே இல்லாம எல்லாச் சொல்லும் நொறுங்கிப் போயிருக்கும், பாட் எதுக்கும் பதில் சொல்லாது. இதுக்கு வழி ரொம்ப சுலபம், ஸ்ப்ளிட்னு சாதாரணமா இடைவெளில பிரிங்க, இல்ல யூனிகோடுல (கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் குடுக்கற முறை) தமிழுக்குன்னு இருக்கற எல்லையக் குறிச்சு அதுக்குள்ள வர்றதெல்லாம் ஒரே சொல்லுன்னு சொல்லுங்க.

அடுத்தது எழுத்து எண்ணிக்கை. திருத்துறைப்பூண்டின்னு எழுதுங்க, நம்ம கண்ணுக்கு ஒம்போது எழுத்து. பைத்தான் கிட்ட நீளம் கேட்டா 18ங்கும், ஏன்னா தி அதுக்கு ரெண்டு குறியீடு, து ரெண்டு, த் கூட ரெண்டு. இதுல என்ன போச்சுன்னு தோணும், பிழை திருத்தி அடையாளம் காணறப்ப தான் தெரியும். பைத்தானோடவே வர்ற டிஃப்லிப்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு சொல்லு எவ்ளோ ஒத்துப் போகுதுன்னு பூச்சியத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் மதிப்பு சொல்லும், வழக்கமா 0.6க்கு மேல இருந்தா ஒரே சொல்லுன்னு எடுத்துக்கும். நெல் நெய் ரெண்டையும் அப்படியே குடுத்தா 0.75 வருது! நாலு குறியீட்டுல மூணு ஒண்ணாத் தானே இருக்கு. ஆக நெய்யப் பத்திக் கேட்டாலும் நெல்லுக்குப் பதில் வரும். அதே ரெண்டையும் நெ, ல் அப்புறம் நெ, ய்னு முழு எழுத்தாப் பிரிச்சு லிஸ்டாக் குடுத்தா 0.5 தான், சரியா விலகிப் போயிடும். இப்படி எழுத்தாப் பிரிக்க ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் தொகுப்பு இருக்கு, கெட் லெட்டர்ஸ்னு ஒரு ஃபங்ஷன், இலவசம். தமிழ்ல பாட் எழுதறவங்க ரிக்வெஸ்ட்ஸுக்கு அடுத்து போட வேண்டிய லைப்ரரி இது தான், யோசிக்கவே வேண்டாம்.

ஆனா இதுலயும் ஒரு முடிச்சு இருக்கு. உரம், மரம் ரெண்டையும் முழு எழுத்தாக் குடுத்தாலும் மூணுல ரெண்டு ஒத்துப் போகுது, 0.67. சரி எல்லைய 0.7க்கு ஏத்திடுவோம்னா, குறுவைய குருவைன்னு அடிக்கறவங்க வெளிய போயிடுவாங்க, அதுவும் மூணுல ரெண்டு தானே. நம்ம பக்கம் போன்ல டைப் பண்றவங்க பாதிப் பேரு ஆடுதுரை, தாலடி, உலுந்து, வேனும்னு தான் அடிப்பாங்க, அது தப்புன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல, புரிஞ்சுக்க வேண்டியது பாட்டோட பொறுப்பு. அதுக்கு நான் வச்சிருக்கற வழி, ஒப்பிடறதுக்கு முன்னாடி ற எல்லாம் ர ஆக்கிடணும், ள ழ ரெண்டும் ல, ண ந ரெண்டும் ன. பாட்டோட டிக்ஷனரில இருக்கற சொல்லுக்கும் இதே மடிப்பு, வர்ற சொல்லுக்கும் இதே மடிப்பு. அப்புறம் எல்லைய 0.7ல வச்சா குருவையும் குறுவையும் அப்படியே ஒண்ணாயிடும், உரமும் மரமும் தனித்தனியா நிக்கும். களையும் கலையும் ஒண்ணாயிடுமேன்னு கேக்கலாம், விதைக்கடைல வந்து கலையப் பத்தி யாரு கேக்கப் போறாங்க, களைக்கொல்லி தான் கேப்பாங்க. ஊருக்கும் தொழிலுக்கும் ஏத்த மாதிரி இந்த மடிப்ப முடிவு பண்ணிக்கணும், பொதுவா எல்லாத்துக்கும் ஒரே விதி சரிப்பட்டு வராது.

இன்னொண்ணு, கொ மாதிரி எழுத்து. ஒரு கீபோர்டு அத க கூட ஒரே குறியா ஒகரத்தப் போடும், இன்னொண்ணு கொம்பையும் காலையும் தனித்தனியா ரெண்டு குறியாப் போடும், திரையில ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், பைத்தானுக்கு ரெண்டும் வேற வேற. பைத்தானோட வர்ற யூனிகோட்டேட்டால நார்மலைஸ்னு இருக்கு, அதுல என்எஃப்சி குடுத்தா எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துடும். வர்ற ஒவ்வொரு மெசேஜையும் முதல் வேலையா இதுல போட்டு எடுங்க. அப்புறம் வேற்றுமை உருபு, விதைக்கு, விதைய, நெல்லுக்கு, உரத்துக்குன்னு சொல்லு வாலு நீட்டிக்கிட்டே போகும், அதுக்கு பெரிய இலக்கண இயந்திரம் எல்லாம் தேவையில்ல, சொல்லோட தொடக்கம் விதை, வெத, நெல், உரன்னு இருக்கான்னு பாத்தாலே கடை வேலைக்குப் போதும்.

இதெல்லாம் முடிச்ச பிறகு வந்த ஒரு பேச்ச அப்படியே போடறேன், பெரியவர் ஒருத்தர் அனுப்பினது. "தம்பி அஞ்சு மாவுக்கு ஆடுதுரை 43 வெத எவ்ளோ வேனும்". பாட் திருப்பிக் கேட்டுச்சு, "நடவுங்களா, நேரடி விதைப்புங்களா?" அவரு "நடவு தான்பா". உடனே பதில், "அஞ்சு மா ஏறக்குறைய 1.67 ஏக்கர்ங்க. ஆடுதுறை 43 குறுகிய காலப் பயிருங்க, 110 நாள். வேளாண் பல்கலைக்கழக அளவுப்படி 40 கிலோ விதைங்க. கூடுதலா விடணும்னா கடையில ஒரு வார்த்த பேசிக்கோங்க." அவரு அடுத்து அனுப்பினது "சரிப்பா நல்லாரு". மாமா கிட்ட காட்டினேன், போன வாங்கி ரெண்டு மூணு தடவ மேலயும் கீழயும் தள்ளிப் படிச்சாங்க.

அந்தக் கணக்கு எப்படின்னா, நம்ம பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூணு மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் நடவுக்கு ஹெக்டேருக்கு சொல்ற விதை அளவு குறுகிய காலத்துக்கு 60 கிலோ, மத்திய காலம் 40, நீண்ட காலம் 30. 60 கிலோவ ஏக்கருக்கு இறக்கினா 24, மாவுக்கு 8. கூகுள்ல போய்த் தேடினா ஏக்கர் கணக்கு கிடைக்கும், ஹெக்டேர் கணக்கு கிடைக்கும், மா கணக்கு கேட்டாப் பதில் சொல்ல நம்ம ஊரு ஆளு எழுதின பாட் தான் வேணும். எண்ணும் அப்படித் தான், அஞ்சு, அஞ்சி, ஐந்து, 5 எல்லாம் ஒண்ணுன்னு டிக்ஷனரில போட்டுடணும், ஒன்னரை, ஒன்றரை, ஒன்ற, ரெண்டர, அரை வேலி எல்லாம் சேத்து. இந்த டிக்ஷனரிய கடை வாசல்ல உக்காந்து காதால கேட்டுக் கேட்டுச் சேத்தது, எந்த வெப்சைட்லயும் டவுன்லோட் பண்ண முடியாது. எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது தான்.

நடவா விதைப்பான்னு கேட்டுச்சு பாத்தீங்களா, அதுக்கு ஞாபகம் வேணும். அடுத்து வர்ற "நடவு தான்பா" எந்தக் கேள்விக்குப் பதில்னு பாட்டுக்குத் தெரியணும். டெலிகிராம் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சாட் ஐடி அனுப்பும், அத சாவியா வச்சு ஒரு டிக்ஷனரில இவரு அஞ்சு மா, 43, நடவு பாக்கின்னு எழுதி வச்சுக்கணும். போன் ஆஃப் ஆனா அது மறந்து போயிடும்ங்கறதால ஒரு எஸ்க்யூலைட் ஃபைல்ல (ஒரே ஃபைலா இருக்கற சின்ன டேட்டாபேஸ்) எழுதிடுங்க, அது பைத்தானோடவே வருது. சாட்பாட்டுக்கும் சும்மா தேடற பொட்டிக்கும் வித்தியாசம் இந்த ஒரு ஞாபகம் தான், கத்துக்கறவங்க இத எழுதாம விடாதீங்க.

பதில் எழுதற தமிழும் முக்கியம். முதல்ல கிடைச்ச மாதிரிக் கோட் எல்லாத்துலயும் "தங்கள் கேள்வி புரியவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்"னு இருக்கும். அறுபது வயசு ஆளு மாமா கடைல கேட்ட கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்தா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். "புரியலைங்க, நெல்லு பேரு சேத்து ஒரு தடவ சொல்லுங்க"ன்னு எழுதறதுக்கு ஒரு செகண்டு கூட ஆகாது. எங்க அப்பாயி கீபோர்டு மைக்க அமுக்கிப் பேசிப் பாத்துட்டு கடைசில சாப்பிட்டியாப்பான்னு கேட்டாங்க, அதுக்கும் ஒரு பதில் சேத்து வச்சிருக்கேன், கேக்கறவங்களுக்கு மரியாதையா ஏதாவது சொல்லணும் இல்ல.

இப்ப அந்தக் குறைஞ்ச ஒரு ஸ்டார். டெலிகிராம்ல கமாண்டுன்னு சாய்கோடு போட்டு எழுதறது இருக்கே, அது இங்கிலீஷ் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் தான் ஏத்துக்கும். தமிழ்ல கமாண்ட் வைக்கவே முடியாது. நம்ம விவசாயி சாய்கோடு தேடி இங்கிலீஷ்ல அடிக்கப் போறது இல்ல, ஆக கமாண்ட மறந்துட்டு பட்டன் வைக்கணும். பட்டன்ல ரெண்டு வகை. மெசேஜுக்குக் கீழயே ஒட்டிக்கிட்டு வர்ற இன்லைன் பட்டன்ல ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு ரகசியக் குறிப்பு வைக்கலாம், அதுக்கு 64 பைட் தான் எல்லை. இங்கிலீஷ்ல 64 எழுத்து தாராளம், தமிழ்ல ஒரு குறியீட்டுக்கு 3 பைட். திருத்துறைப்பூண்டி மட்டுமே 54 பைட், கூட குறுவைன்னு சேத்தா 72, பட்டனே போகாது, எரர் தான் வரும். அதனால உள்ள வைக்கற குறிப்புக்கு சும்மா எண் குடுங்க, 1ன்னா இந்த ஊரு 2ன்னா அந்த ஊருன்னு உங்க கிட்ட ஒரு அட்டவணை வச்சுக்கோங்க. இன்னொரு வகை கீபோர்டு இடத்துல வர்ற பெரிய பட்டன், அத அமுக்கினா அதுல இருக்கற தமிழ் எழுத்தே மெசேஜாப் போகும், இந்த 64 பைட் தொல்லை அதுல இல்ல. எங்க கடைக்கு நாலு பெரிய பட்டன் வச்சேன், மேட்டூர் மட்டம், நெல் ரகம், விதைக் கணக்கு, கடைக்குப் பேசணும். கண்ணாடி போடாமலே அமுக்கற அளவுக்குப் பெருசா வருது.

மேட்டூர் பட்டன் தான் அதிகமா அமுக்கறது, அது இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டாம். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, வழக்கமாத் திறக்கற நாள் ஜூன் 12, ஆனா 2022ல மே 24லயே திறந்தாங்க, 2024ல ஜூலை கடைசி வரைக்கும் காத்துக் கிடந்தோம். தேதி மாறினா குறுவையா இல்ல நேரா சம்பாவான்னு முடிவு மாறும், முடிவு மாறினா விதை மாறும், அதுக்குத் தான் கடைக்கு இத்தன போன். தினமும் காலைல பேப்பர்ல வர்ற மட்டத்த நானே பாட்டுக்கு ஒரு மெசேஜா அனுப்பிடறேன், என் சாட் ஐடில இருந்து வந்தா மட்டும் அத எழுதி வச்சுக்கற மாதிரி செஞ்சிருக்கேன், பதில்ல எந்தத் தேதி மட்டம்னும் சேத்துச் சொல்லும். தேதி இல்லாம மட்டம் மட்டும் சொல்ற பாட் யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

ஓட்டறதப் பத்தி. என் பழைய போன் ஒண்ணு சார்ஜர்ல போட்டு அலமாரில கிடக்குது, அதுல தான் பாட் ஓடுது. ஆண்ட்ராய்டு பேட்டரி மிச்சம் பண்றேன்னு பின்னாடி ஓடறத நிறுத்தும், அதனால டெர்மக்ஸ்ல வேக் லாக் (போன் தூங்கிடாம இருக்க வைக்கறது) போட்டுட்டு, செட்டிங்ஸ்ல பேட்டரி கட்டுப்பாட்டையும் எடுத்து விடுங்க. கரண்ட் போனா போன் பேட்டரி இருக்கு, டவரும் போச்சுன்னா கூட பயமில்ல, டெலிகிராம் நமக்கு வந்த மெசேஜ 24 மணி நேரம் வரைக்கும் வச்சிருந்து லைன் வந்ததும் குடுக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல சாயங்காலம் போற கரண்ட் காலைல வந்துடும்னா ஒரு கேள்வியும் தவறாது. 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் எல்லாம் நாள் கணக்குல கரண்ட் இல்ல, அந்த மாதிரி நேரத்துக்கு இது தாங்காது, அதுக்கு வெளியூர் சர்வர் தான் வேணும். இலவச ஹோஸ்டிங் ஒண்ணுல போட்டுப் பாத்தேன், கொஞ்ச நேரம் யாரும் பேசலன்னா தூங்கிடுது, எழுந்து பதில் சொல்றதுக்குள்ள கேட்டவரு போனக் கீழ வச்சுடறாரு. போனே தேவலாம்னு திரும்பிட்டேன். ஒரே டோக்கன போன்லயும் சர்வர்லயும் ஒரே நேரத்துல ஓட விட்டா 409னு ஒரு எரர் வரும், வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம், ஒண்ண நிறுத்துங்க சரியாயிடும்.

வாட்ஸ்ஆப்ல ஏன் பண்ணலன்னு எல்லாரும் கேப்பீங்க, நியாயமான கேள்வி, ஊருல எல்லாரும் வாட்ஸ்ஆப்ல தான் இருக்காங்க. அதுக்கு வாட்ஸ்ஆப் கம்பெனி மெட்டாவோட பிசினஸ் கணக்கு வேணும், நம்பரப் பதிவு பண்ணணும், வாடிக்கையாளர் கடைசியாப் பேசி 24 மணி நேரம் தாண்டிட்டா முன்கூட்டியே அனுமதி வாங்கின டெம்ப்ளேட் மெசேஜ் மட்டும் தான் அனுப்பலாம். தொழிலா நடத்தறவங்களுக்கு அது சரி, கத்துக்கற பையனுக்கு அது முதல் படி இல்ல. கடைக்கு வர்றவங்க போன்ல டெலிகிராம போட்டுக் குடுத்து, பாட்டத் திறந்து ஸ்டார்ட் அமுக்கிக் குடுத்துடறேன். ஸ்டார்ட் அவங்க தான் அமுக்கணும், பாட் தானாப் போய் யாருக்கும் முதல் மெசேஜ் அனுப்ப முடியாது, அது நல்ல ஏற்பாடு தான், இல்லன்னா கண்ட விளம்பரமும் வந்து குவியும்.

டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல சாட்பாட் கோர்ஸ்னு நல்ல ஃபீஸ் வாங்கறாங்க, கூடப் படிக்கற பையன் சேந்தான், மவுஸ்ல பெட்டிய இழுத்து இழுத்து விடற ஒரு டூல் தான் சொல்லிக் குடுத்தாங்க, மாசம் முடிஞ்சதும் அந்த டூல் சந்தா கேக்குது. இப்ப அவன் என் கூட உக்காந்து கெட்அப்டேட்ஸ்ல இருந்து கத்துக்கறான். காசு குடுத்துத் தான் கத்துக்கணும்னா பைத்தான் அடிப்படைக்குக் குடுங்க, பாட்டுக்குன்னு தனியாக் குடுக்காதீங்க.

ஏஐ கிட்டயே விட்டுடலாமேன்னும் கேக்கறாங்க. ஒரு பெரிய ஏஐ கிட்ட ஆடுதுறை 43 எத்தன நாள்னு தமிழ்ல கேட்டேன், 135 நாள்னு கொஞ்சம் கூடத் தயங்காம சொல்லுச்சு. ஜூன் நடுவுல விதைச்சா 110 நாள்னா அக்டோபர் முதல் வாரம் அறுத்து கொள்முதல் நிலையத்துக்கு ஏத்திடலாம். 135னு நம்பிக் கணக்குப் போட்டா அறுப்பு மிஷினுக்கு அக்டோபர் கடைசில சொல்லி வைப்பாங்க, வடகிழக்குப் பருவமழை இறங்கற நேரம், முத்தின கதிரு வயல்லயே சாஞ்சு முளைச்சுடும். ஒரு எண்ணு தப்பாச் சொன்னா ஒரு குடும்பத்தோட ஒரு போகம் போகுது. அதனால ரகம், நாள், அளவு மூணும் எங்க பாட்ல நானும் மாமாவும் உக்காந்து சரிபாத்துக் கையால எழுதினது மட்டும் தான். சிஆர் 1009 155 நாளுக்கு மேல, ஆடுதுறை 36ம் 45ம் 110, இப்படி ஒரு சின்ன அட்டவணை, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் தான் பாதிக்கு மேல. அட்டவணைல இல்லாத ரகத்தக் கேட்டா கடை நம்பரக் குடுத்து மாமா கிட்டக் கேட்டுக்கோங்கன்னு சொல்லும், சும்மா எதையாவது சொல்லாது.

கடைசியா ஒரு விஷயம், போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. நிறையப் பேரு டைப் பண்ண மாட்டாங்க, வாய்ஸ் நோட்டா அனுப்புவாங்க. டெலிகிராம் அத ஒரு ஆடியோ ஃபைலா பாட்டுக்குக் குடுக்கும், எழுத்தா மாத்திக் குடுக்காது. இப்போதைக்கு வாய்ஸ் வந்தா "கீபோர்டுல இருக்கற மைக்க அமுக்கிப் பேசுங்க, எழுத்தா விழும்ங்க"ன்னு பதில் போட்டு, எந்த மைக்குன்னு வட்டம் போட்ட ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணும் சேத்து அனுப்பறேன். பாதிப் பேரு புரிஞ்சுக்கிட்டு அதுல பேசறாங்க, மீதிப் பேரோட வாய்ஸ மாமாவுக்கு ஃபார்வர்ட் பண்ற மாதிரி வச்சிருக்கேன், அவங்க கை ஓஞ்ச நேரத்துல கேட்டுட்டு கூப்பிட்டுப் பேசிடறாங்க.